கம்பியின் மறுமுனையில் ஓர் எஞ்சின்

(மயிலத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மயிலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு சிறுவன் பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு ஓலைத் துண்டு, நடுவில் ஒரு கருவேல முள், பிடித்துக்கொள்ள ஒரு குச்சி. அவன் ஓடினால் அது சுற்றும், நின்றால் நின்றுவிடும். அவனை நிறுத்தி, "ஓலைய ஏன்டா கண்ணு இப்படிச் சாய்ச்சு மடிச்சிருக்கே?" என்று கேட்டேன். "நேரா வெச்சா சுத்தாதுங்க" என்றான்.

நான் இன்று பேச வந்த விஷயத்தில் பாதி அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அவன் ஓடுகிறான், எதிர்க்காற்று சாய்ந்த ஓலையைச் சுழற்றுகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஓலையை ஓர் எஞ்சின் சுழற்றினால், அது காற்றைப் பின்னால் தள்ளித் தான் முன்னால் இழுக்கும். விமானத்தின் மூக்கில் இருக்கும் புரொப்பெல்லர் செய்வது இந்த வேலையைத்தான்.

எஞ்சின் வைத்த சிறிய விமானத்தைச் சொந்தக் கையால் செய்து பறக்கவிட ஆசைப்படுகிறவர் எங்கே தொடங்குவது, எப்படித் தொடங்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஏரோமாடலிங் என்று இதற்குப் பெயர். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது என்னைப் பற்றிக்கொண்டது, இன்னும் விடவில்லை. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தனியாகத் தொடங்காதீர்கள். நம்ம பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டுத் தபாலில் எஞ்சினை வரவழைத்து, மொட்டை மாடியில் தனியாக நின்று கிளப்பிப் பார்ப்பதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அது ஏன் என்று இனிமேல் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தாய் என்னிடம், "பொம்மை விமானம் விட்டு என்னங்க ஆகப்போவுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா, ஆள் ஏறிப் பறக்கும் விமானத்துக்கு முன்னால் பிறந்தது பொம்மை விமானம்தான். 1871-இல் பாரிஸ் நகரத் தோட்டம் ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பர் பட்டையால் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 வினாடியில் ஏறத்தாழ 40 மீட்டர் போயிற்று. அதே பெனோவின் முறையில் செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை 1878-இல் அமெரிக்காவில் ஒரு தகப்பனார் தம் இரண்டு பிள்ளைகளுக்கு வாங்கி வந்து கொடுத்தார். அது உடையும்வரை விளையாடிவிட்டு, பிறகு தாங்களே வேறு செய்தார்கள் அந்தப் பிள்ளைகள். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்று அவர்களுக்குப் பெயர். 1896 மே 6 அன்று பொட்டோமாக் ஆற்றின் மேல் சாமுவேல் லாங்லி, நீராவி எஞ்சின் வைத்த ஆளில்லா மாதிரி விமானத்தை ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பறக்கவிட்டார். 1903-இல் அவரே அதைப் பெரிதாக்கி ஆளை ஏற்றி அனுப்பியபோது இரண்டு முறையும் ஆற்றில் விழுந்தது. மாதிரியில் கற்றது எல்லாம் பெரியதற்குப் பொருந்தாது. ஆனாலும் மாதிரி இல்லாமல் பெரியது வந்ததே இல்லை.

நம் பக்கத்திலும் கதை உண்டு. 1910-இல் சென்னையில் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி, தாமே வரைந்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தில் கட்டச்செய்து பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். அந்தப் பல்லாவரத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில் 1949-இல் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரி எழுந்தது. அங்கே படிக்க வந்த ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம், வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம்; அவரே எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்து பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்குக் கிடைத்தது எஞ்சின்களைப் பிரித்து மாட்டும் வேலை. அதே எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' மாணவர் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பது இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

எஞ்சின் விமானம் என்றதும் எல்லாருக்கும் ரேடியோ ரிமோட் ஞாபகம் வருகிறது. அது பின்னால் வரட்டும். நீங்கள் தொடங்க வேண்டியது கண்ட்ரோல் லைன் விமானத்தில். விமானத்தின் இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகு முறுக்குக் கம்பிகள் வரும். அவை உங்கள் கையிலுள்ள ஹேண்டிலில் முடியும். நீங்கள் நடுவில் நின்றபடி சுற்ற, விமானம் உங்களைச் சுற்றி வட்டமிடும். கையை மேலே தூக்கினால் ஒரு கம்பி இழுபடும், மற்றது தளரும், விமானத்துக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோல் திரும்பி, வாலில் அசையும் பலகையான எலிவேட்டரை மேலே தூக்கும், விமானம் ஏறும். கையைத் தாழ்த்தினால் இறங்கும். இவ்வளவுதான் கட்டுப்பாடு. அமெரிக்காவில் ஜிம் வாக்கர் என்பவர் இதைப் பரப்பி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் நாட்டு என்.சி.சி. விமானப் பிரிவின் வாயு சைனிக் முகாம் போட்டிகளிலும் கண்ட்ரோல் லைன் உண்டு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? ரிமோட்டில் விமானம் எங்கோ தூரத்தில் பறக்கும். அதற்கு என்ன நடக்கிறது என்பது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கம்பியில் அது உங்கள் கையை இழுக்கும். ஒரு கணக்குப் போடுவோம். விமானத்தின் எடை 600 கிராம், கம்பியின் நீளம் 16 மீட்டர், வேகம் வினாடிக்கு 20 மீட்டர். ஒரு சுற்று 100 மீட்டர், அதற்கு 5 வினாடி. அப்போது உங்கள் கையில் ஒன்றரைக் கிலோ இழுவை இருக்கும், அதாவது விமானத்தின் எடையைப் போல இரண்டரை மடங்கு. பிளஸ் ஒன் வகுப்பில் வட்ட இயக்கம் என்று பாடம் வருகிறதே, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுப்பது, அந்தச் சூத்திரம் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் சற்றுத் தளர்ந்தால் கம்பி தளர்வது கைக்குத்தான் முதலில் தெரியும், காதுக்கும் கண்ணுக்கும் அப்புறம்தான். இந்தக் கை அறிவு வந்தவருக்கு ரேடியோ விமானம் பழகுவது எளிது. ரேடியோவில் தொடங்கியவருக்கு இது கடைசிவரை கிடைக்காமலே போய்விடலாம்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் இன்னொரு படி இருக்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதம், கையால் வீசும் கிளைடர் செய்யுங்கள். பால்சா மரம் கிடைத்தால் நல்லது. தென்னமெரிக்காவில் வளர்வது, எடையில் மிக லேசு, அதற்கேற்ற உறுதியும் உண்டு, விலைதான் கூடுதல். கிடைக்காவிட்டால் அடர்த்தியான தெர்மக்கோல் அட்டையும் மூங்கில் சிம்பும் போதும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோயில் மாதிரி செய்கிறார்களே நெட்டி, அதில் இறக்கை செய்து பார்த்திருக்கிறேன். அவ்வளவு லேசான பொருளை நான் தொட்டதில்லை. ஆனால் வளைந்தால் ஒடிந்துவிடுகிறது.

கிளைடர் கற்றுக்கொடுப்பது எடை எங்கே நிற்க வேண்டும் என்பதை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்குங்கள். விமானம் நேராகவோ மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் வீசாதீர்கள். மூக்கில் ஒரு துண்டு ஈயமோ களிமண்ணோ ஒட்டி மறுபடி பாருங்கள். கண்ட்ரோல் லைன் விமானத்துக்கு எடை இன்னும் சற்று முன்னால் நிற்பது நல்லது. வலது இறக்கையின் நுனியில் 15, 20 கிராம் எடை வைப்பார்கள். இடது பக்கம் தொங்கும் கம்பிகளின் எடைக்கு அது ஈடு. எத்தனையோ முதல் விமானங்கள் மூன்று வினாடியில் மூக்குக் குத்தி விழுவதைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிக்குக் காரணம் எஞ்சினும் இல்லை, காற்றும் இல்லை. வீட்டில் ஐந்து நிமிடம் விரல்நுனியில் தூக்கிப் பார்க்காததுதான்.

இப்போது எஞ்சின். இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன்.

இதோ என் உள்ளங்கையில் இருப்பது 2.5 சி.சி. எஞ்சின், இரண்டு ஸ்ட்ரோக். பழைய மொபெட் எஞ்சினின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1930-களில் அமெரிக்காவில் வந்த பிரவுன் ஜூனியர் போன்ற பெட்ரோல் எஞ்சின்கள் தீப்பொறிக்காக பேட்டரி, காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் விமானத்திலேயே தூக்கிக்கொண்டு பறந்தன. 1947-இல் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கைக் கொண்டு வந்தார். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச்சுருள். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை மாட்டி அதைச் சிவக்கக் காய்ச்சுகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். எரிபொருளிலுள்ள மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டதும் வெப்பம் பிறக்கிறது, அத்துடன் முந்தைய வெடிப்பின் சூடும் சேர்ந்து கம்பியை அணையவிடாமல் வைத்திருக்கிறது. அடுப்பில் நீறு பூத்த தணல் இருக்கும்போது விறகை வைத்தாலே பற்றிக்கொள்வதில்லையா, அப்படி.

இன்னொரு வகை டீசல். பங்கில் விற்கும் டீசலை இதில் ஊற்றக்கூடாது. மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சம பங்கு கலந்தது இதன் எரிபொருள். பிளக்கே கிடையாது, மேலேயுள்ள திருகை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டினால் தானாகப் பற்றும். கொல்கத்தாவில் அரோரா என்ற பெயரில் செய்த டீசல் எஞ்சின்களில்தான் என் வயதுக்காரர்கள் பலர் பழகினோம். ஈதர் எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பிடிக்கும், மயக்கத்தையும் தரும்.

குளோ எஞ்சினின் எரிபொருளிலும் மசகுக்கு விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். பாட்டி வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே ஆமணக்கு எண்ணெய்தான், இன்னும் சுத்திகரித்தது. சூட்டைத் தாங்கும், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களுக்கும் இதுவே மசகு. உலகத்து ஆமணக்கு எண்ணெயில் பெரும்பங்கை இன்றும் நம் நாடுதான் தருகிறது. எஞ்சின் ஓடி முடிந்தபின் மைதானத்தில் நிற்கும் அந்த வாசனைக்குப் பழகியவர்கள் அதை விடமாட்டார்கள்.

எஞ்சின் பக்கத்தில் ஓர் ஊசித் திருகு இருக்கும். நீடில் என்போம். அதைத் திறந்தால் எரிபொருள் கூடும், மூடினால் குறையும். தொடங்குகிறவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். எரிபொருள் அதிகமானால், அதாவது 'ரிச்'சாக இருந்தால், எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். சத்தம் தடித்து, தாழ்ந்து கேட்கும். மெதுவாக மூடிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று மெலிந்து உயரும். நாதஸ்வரத்தில் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாவுவது போல. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு நூல் அளவு திரும்பத் திறந்துவிடுங்கள். ஏனென்றால் பறக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறைந்து எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும், கலவை தானாக மெலியும். தரையிலேயே உச்சத்தில் வைத்தால் ஆகாயத்தில் எரிபொருள் போதாமல் காய்ந்து நின்றுவிடும், எஞ்சினும் கெடும். புது எஞ்சினை முதலில் விமானத்தில் மாட்டவே வேண்டாம். கனமான பலகையில் முடுக்கி, ரிச்சாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி ஆறவிடுங்கள். நீடிலைப் பழக உங்களுக்கும் அதுவே நேரம்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 12,000 முறை சுற்றுகிறது என்று வையுங்கள். அதன் நுனியின் வேகம் மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய வட்டம்தான் தெரியும். என் இடது ஆள்காட்டி விரலைப் பாருங்கள், இந்தத் தழும்பு அப்படி வந்தது. பேட்டரிக் கிளிப்பைக் கழற்ற முன்பக்கமாகக் கையை நீட்டினேன். அன்று என்னுடன் யாரும் இல்லை. ஒரு கையை மறுகையால் அழுத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி டாக்டர் வீடு வரை போனேன். வெறும் விரலால் புரொப்பெல்லரைச் சுண்டாதீர்கள். ரப்பர் உறை போட்ட கட்டையால் சுண்டுங்கள். ஓடத் தொடங்கியதும் நீடிலையும் கிளிப்பையும் எஞ்சினுக்குப் பின்னால் நின்று தொடுங்கள். புரொப்பெல்லர் சுற்றும் தளத்தில், அதற்கு நேர் பக்கவாட்டில், யாரும் நிற்கக்கூடாது. உடைந்தால் துண்டு அந்தத் திசையில்தான் பாயும். சட்டை நுனி, துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு எதுவும் தொங்கக்கூடாது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். குளோ எஞ்சினின் எரிபொருளில் ஐந்தில் நான்கு பங்கு மெத்தனால். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்க என்னால் முடியவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சாராயத்தில் கலந்து எத்தனை குடும்பங்களை அழித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மெத்தனால்தான் இது, வேறொன்றில்லை. மிகச் சிறிய அளவே கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். தோல் வழியாகவும் ஏறும். அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. தீப்பிடித்ததே தெரியாமல் கையை வைத்துவிடுவோம். தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, மெத்தனாலைத் தேடி நீங்கள் எந்தக் கடைக்கும் போகக்கூடாது, யாரிடமும் கேட்கவும் கூடாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைப்பது கொலைக்குச் சமம். எரிபொருள் உங்களுக்கு வழிகாட்டும் நிறுவனத்தின் பொறுப்பு. என்.சி.சி.யோ, கல்லூரியின் ஏரோமாடலிங் குழுவோ, முறையான அனுமதியோடு வாங்கி, பெயர் எழுதிய கேனில் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் மைதானத்துக்குக் கொண்டு வரட்டும். மிஞ்சியது கணக்கோடு திரும்பிப் போகட்டும். அப்படியொரு பொறுப்பான இடம் கிடைக்கும்வரை கம்பியில் மின்மோட்டார் விமானம் ஓட்டிப் பழகுங்கள். எஞ்சின் காத்திருக்கும். தனியாகத் தொடங்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. பல ஆண்டுக்கு முன் திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் கம்பியை விரித்துக்கொண்டிருந்தேன். சமமான செம்மண், சுற்றிலும் சவுக்குத் தோப்பு, காற்றுக்கு நல்ல மறைப்பு. இதைவிட நல்ல இடம் அமையாது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து ஓடி வந்தார். "இன்னா தம்பி, மேல பாக்கலியா நீ? கரண்டு கம்பி போவுது பாரு!" என்றார். வட்டத்தின் ஓரத்தில் பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி. விமானத்தையும் தரையையுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவே இல்லை. என் கையில் இருந்ததோ பதினாறு மீட்டர் எஃகு. இந்த விளையாட்டில் இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. உயர் மின்னழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். இடி முழக்கம் கேட்டாலும் கம்பியைச் சுருட்டிவிடுங்கள். அந்தப் பெரியவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இன்று இங்கே நின்று பேசுவது அவர் போட்ட பிச்சை.

இடம் எப்படிப் பார்ப்பது? இந்தப் பக்கத்தில் ஏரிக்குக் குறைவில்லை. சித்திரை, வைகாசியில் வற்றிக் காய்ந்த ஏரி நல்ல மைதானம். ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆடு மேய்க்கிறவர்களிடமும் சொல்லுங்கள், ஆடு மிரண்டு ஓடினால் பாடு அவர்களுக்கு. ஆடி மாதக் காற்றில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. தை, மாசி மாதங்களின் விடியற்காலை, பனி விலகியதும் கிடைக்கும் அசைவற்ற இரண்டு மணி நேரம் பழகுவதற்கென்றே அமைந்தது. மயிலம் மலையைச் சுற்றி மயில்கள் உண்டு. அவை இரை எடுக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மைதானத்தில் முதல் வேலை இழுவைச் சோதனை. ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு எடையைப் போல் பத்து மடங்குக்கு இழுக்க வேண்டும். 600 கிராம் விமானத்துக்கு 6 கிலோ. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று இருந்தால் போதும். கம்பி பிய்வதாக இருந்தால் இப்போதே பிய்யட்டும். பிறகு ஹேண்டிலை மேலே தூக்கி, எலிவேட்டர் மேலே போகிறதா என்று பாருங்கள். கம்பி மாறிப் பூட்டியிருந்தால் கீழே போகும். எழுந்த வேகத்திலேயே தரையில் அடிக்கும். ஹேண்டிலின் வாரை மணிக்கட்டில் மாட்டாமல் ஒருபோதும் பறக்கவிடாதீர்கள். கை நழுவிய விமானம் எங்கே போய் யார் மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தொட்டியில் அரைப் பங்கு எரிபொருள் போதும். முதல் நாள் இரண்டு நிமிடமே உங்களுக்குத் தலை சுற்றும். காற்று உங்கள் முதுகில் பட்டு விமானத்தை வெளியே தள்ளும் திசையைப் பார்த்து நில்லுங்கள். கூட்டாளி எஞ்சினைக் கிளப்பி, நீடிலைச் சரிசெய்து, விமானத்தைத் தரையில் பிடித்திருப்பார். நீங்கள் தலையசைத்ததும் தள்ளாமல், தூக்காமல், கையை எடுத்துவிடுவார். விமானம் ஓடும், எழும். அந்த நொடியில் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறோம். பயத்தில் மணிக்கட்டை மடக்கிவிடுகிறோம். விமானம் செங்குத்தாக ஏறி, உச்சியில் கம்பி தளர்ந்து, தலைகீழாக வரும். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, தோளிலிருந்து முழுக் கையையும் அசைக்க வேண்டும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சமமாக, சுற்றிச் சுற்றி வரட்டும். விமானத்தை மட்டும் பாருங்கள். பின்னால் ஓடும் மரங்களைப் பார்த்தால் கால் தடுமாறும். எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றதும் பதறாதீர்கள், வேகம் மிச்சம் இருக்கிறது. ஓரடி பின்னால் எடுத்துவைத்துக் கம்பியை இறுக்கமாக வைத்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள்.

என் முதல் பறப்பில், எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் என் பின்னால் நின்று, என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சுற்றினார். நான்காவது சுற்றில் அவர் கையை எடுத்துவிட்டார், எனக்குத் தெரியாது. ஒன்பதாவது சுற்றில் வட்டத்துக்கு வெளியே அவர் நிற்பதைப் பார்த்தேன். அடுத்த அரைச் சுற்றில் விமானத்தைத் தரையில் அடித்தேன். அவர் வந்து என்னை ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கினார். அன்று இரவு இருவரும் உட்கார்ந்து ஒட்டினோம். உடைந்த இறக்கையை ஒட்டத் தெரியாதவர் இதில் நிலைக்க மாட்டார். விழுந்ததும் கையில் எடுத்து எஞ்சினைச் சுற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே மண் போயிருக்கும், ஒரே சுற்றில் சிலிண்டர் கீறிவிடும். கழற்றிக் கழுவிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

கம்பியில் கை தேறியபின் ரேடியோவுக்குப் போங்கள். அங்கே சட்டம் வருகிறது. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் ரிமோட் விமானங்களுக்கும் பொருந்தும். படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று அந்த விதிகள் சலுகை தருகின்றன. ஆனால் வான்பரப்பு வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருப்பதைப் பார்க்காமல் பறக்கவிடக்கூடாது. பச்சைப் பகுதியில் 400 அடி வரைதான். புதுச்சேரி விமான நிலையம் நமக்குத் தூரமில்லை. பதிவு, எடைப் பிரிவு, உரிமம் எல்லாவற்றையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் அன்றைய நிலவரப்படி பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியல் படிக்கிறவர்களுக்கு எஸ்.ஏ.இ. இந்தியா தென்மண்டலப் பிரிவு நடத்தும் ஏரோ டிசைன் போட்டி இருக்கிறது. குழுவாகத்தான் சேர முடியும்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு தடுப்பு வலை, ஒரு தீயணைப்பான், ஒரு முதலுதவிப் பெட்டி, பூட்டு உள்ள ஓர் அலமாரி, பொறுப்பேற்க ஓர் ஆசிரியர். இவ்வளவு இருந்தால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பறக்கும் வட்டம் அமைந்துவிடும். பெண் பிள்ளைகளை எண்ணெய்க் கறை படும் என்று ஒதுக்காதீர்கள். நீடிலை அவர்கள் பிடிக்கும் நிதானத்தை நான் பல முகாம்களில் பார்த்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு உங்கள் ஊரின் வற்றிய ஏரியில் இருப்பேன். எரிபொருள் முறையான அனுமதியோடு என் பொறுப்பில் வரும். விமானமும் கம்பியும் கொண்டு வருகிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். ஒருவர் ஹேண்டிலுக்கு, ஒருவர் விமானத்தைப் பிடிக்க. இரண்டு இரண்டு பேராக வாருங்கள்.